இத்தாலியச் சட்டத்தை இணையத்தில் தேடுவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"குடியுரிமைக்கு நாலு வருஷம் காத்திருக்கணும், அதுதான் சட்டம்" என்று ஓர் உதவி மையத்தில் என் நண்பரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் விண்ணப்பித்தது 2021 பிப்ரவரியில். வீட்டுக்கு வந்தவரை உட்கார வைத்து, கணினியில் அந்தச் சட்டத்தையே திறந்தோம். ஐந்து நிமிடத்தில் விஷயம் தெரிந்தது. நாலு வருஷம் என்பது பொய் இல்லை, முன்பு இருந்த விதி. அவர் விண்ணப்பித்த நாளில் அது மாறிவிட்டிருந்தது.

இத்தாலியச் சட்டம் தேடுவதில் முக்கால்வாசித் தவறுகள் இந்த வகைதான். சட்டம் கிடைக்காமல் போவதில்லை. கிட்டத்தட்ட எல்லாமே இலவசமாக, அரசுத் தளங்களிலேயே இருக்கிறது. எந்தத் தேதியின் சட்டத்தைப் படிக்கிறோம் என்று பார்க்காமல் படிப்பதுதான் சிக்கல். எந்தத் தளத்தைத் திறந்தாலும் இந்தத் தேதிக் கேள்வியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: முகவரியைப் படிக்கப் பழகுங்கள்

ஒவ்வொரு இத்தாலியச் சட்டத்துக்கும் ஒரு முகவரி உண்டு: வகை, தேதி, எண். குடியுரிமைச் சட்டம் என்றால் 1992 பிப்ரவரி 5ஆம் தேதியின் 91ஆம் எண் சட்டம். சுருக்கமாக 91/1992 என்று எழுதுவார்கள். எண் முதலில், ஆண்டு பிறகு. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்களில் இப்போது இது தலைகீழ்: தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2016/679 என்று வரும். முதலில் கொஞ்சம் தடுமாற வைக்கும்.

வகைதான் புதியவர்களைக் கவிழ்க்கும் இடம். 'லெஜ்ஜே' என்றால் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம். 'தெக்ரேத்தோ-லெஜ்ஜே' என்றால் அவசரத்துக்கு அரசாங்கம் தானே போடும் ஆணை, நம் ஊர் அவசரச் சட்டம் மாதிரி. அதை 60 நாளுக்குள் நாடாளுமன்றம் சட்டமாக மாற்றாவிட்டால், பிறந்த நாளிலிருந்தே செல்லாது. அரசியலமைப்பின் 77ஆம் பிரிவு சொல்வது இதுதான். 'தெக்ரேத்தோ லெஜிஸ்லத்தீவோ' வேறு சாதி. நாடாளுமன்றம் முன்கூட்டியே அதிகாரம் கொடுத்து, எல்லை வகுத்து, அதற்குள் அரசாங்கம் எழுதுவது. அது 76ஆம் பிரிவு. இது வெளியான பிறகு யாரும் மாற்றித் தர வேண்டியதில்லை. பெயரில் இரண்டும் அண்ணன் தம்பி போல ஒலிக்கும், சுருக்கெழுத்திலும் ஓர் எழுத்து இரண்டெழுத்துதான் வித்தியாசம். நானே ஒருமுறை ஒன்றை மற்றதாக எழுதிவிட்டு, இல்லாத ஒரு சட்டத்தை அரை நாள் தேடினேன்.

இவை தவிர, குடியரசுத் தலைவர் ஆணை என்று சில வரும். பெரும்பாலும் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகள். 'அரச ஆணை' என்று பார்த்தால் பயப்பட வேண்டாம். இத்தாலி 1946 வரை முடியாட்சி. இன்றும் நடப்பில் இருக்கும் சிவில் சட்டத் தொகுப்பு 1942ஆம் ஆண்டின் 262ஆம் எண் அரச ஆணைதான். குற்றவியல் தொகுப்பு 1930ஆம் ஆண்டின் 1398ஆம் எண்.

சட்டத்துக்குள்ளே போனால் பிரிவு, அதற்குள் 'கொம்மா', அதற்குள் எழுத்து, சில நேரம் எண். கொம்மா என்பது இங்கே உட்பிரிவு, நிறுத்தற்குறி இல்லை. இடையில் புதிதாகப் பிரிவு சேர்த்தால் மற்றவற்றின் எண்ணை மாற்ற மாட்டார்கள். 9க்கும் 10க்கும் நடுவே 9-பிஸ், 9-தெர், 9-க்வாத்தெர் என்று லத்தீன் வால் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதனால் வால் உள்ள ஒரு பிரிவைக் கண்டால், அது பின்னால் வந்து சேர்ந்தது என்று உடனே புரிந்துகொள்ளலாம். 9-தெர் என்று யாராவது சொன்னால் 9ஐத் திறந்து படித்துவிட்டு வராதீர்கள். இரண்டும் வெவ்வேறு பிரிவுகள்.

சில சட்டங்கள் நம்மைச் சோதிப்பதற்கென்றே எழுதப்பட்டவை. 2007ஆம் ஆண்டுக்கான நிதிச் சட்டம், அதாவது 296/2006, ஒரே ஒரு பிரிவு. அதற்குள் 1364 கொம்மா. அந்த மாதிரிச் சட்டத்தில் கொம்மா எண் இல்லாமல் தேடப் போவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதுதான்.

இரண்டாம் படி: நொர்மத்தீவா

உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் போகும், போகவும் வேண்டும். நொர்மத்தீவா டாட் ஐடி என்பது அரசின் இலவசச் சட்டத் தளம். பெயரை ஆங்கில எழுத்தில் தட்டும்போது நடுவில் 'டி' இரண்டு வரும். ஒற்றையாகத் தட்டினால் வேறெங்கோ போய்விடுவீர்கள். இங்கே மத்திய அரசின் சட்டங்கள்தான் இருக்கும், மாநிலச் சட்டங்களுக்குத் தனி இடம்.

தேடும் பெட்டியில் எண்ணும் ஆண்டும் போட்டால் போதும். வகை சரியாகத் தெரியாவிட்டாலும் பெரும்பாலும் வேண்டியது வந்துவிடும். சட்டத்தைத் திறந்ததும் பிரிவுகளின் பட்டியல் மரம் போல விரியும். அதில் வேண்டியதைச் சொடுக்குங்கள்.

இப்போது முக்கியமான இடம். எந்தச் சட்டத்தையும் மூன்று விதமாகக் காட்டச் சொல்லலாம். 'ஒரிஜினாரியோ' என்றால் முதன்முதலில் வெளியான நாளில் இருந்தபடி. 'விஜெந்தே' என்றால் நடப்பில் உள்ளபடி, அதுவும் இன்றைக்கோ நீங்கள் சொல்லும் தேதிக்கோ. 'முல்த்திவிஜெந்தே' என்றால் காலத்துக்குக் காலம் மாறிய எல்லா வடிவங்களும் ஒரே இடத்தில்.

நண்பர் விஷயத்தையே செய்து பார்ப்போம். 91/1992, பிரிவு 9-தெர். வாலைப் பார்த்தாலே தெரிகிறது, இது 1992இல் இல்லை. ஒரிஜினாரியோவில் தேடினால் கிடைக்காது. அதைக் கொண்டுவந்தது 2018 அக்டோபரில் வந்த 113ஆம் எண் அவசர ஆணை. தேதியை 2019 ஜனவரி என்று வைத்துத் திறந்தால், குடியுரிமை விண்ணப்பத்தைத் தீர்மானிக்க 48 மாதம் என்று இருக்கும். அங்கே சொன்ன நாலு வருஷம் இதுதான். தேதியை 2021 பிப்ரவரிக்கு மாற்றுங்கள். அதே பிரிவு, ஆனால் 24 மாதம், அதிகபட்சம் 36 மாதம் வரை நீட்டிக்கலாம் என்று மாறியிருக்கும். மாற்றியது 2020ஆம் ஆண்டின் 130ஆம் எண் அவசர ஆணையும், அதைச் சட்டமாக்கிய 173/2020உம்.

மாறிய சொற்கள் இரட்டை வளைவு அடைப்புக்குள் இருப்பதைக் கவனியுங்கள். கடைசித் திருத்தம் தொட்ட இடத்தை அப்படித்தான் காட்டுகிறார்கள். அடைப்பைப் பார்த்துத் தட்டச்சுப் பிழை என்று நினைத்தவர்கள் உண்டு. பிரிவுக்குக் கீழே சில நேரம் 'அஜ்ஜொர்னமென்த்தோ' என்று தலைப்பிட்ட குறிப்பு இருக்கும். எந்தச் சட்டம் எப்போது மாற்றியது, யாருக்குப் பொருந்தும் என்பதெல்லாம் அதில் வரலாம். அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஏனென்றால், புதிய கெடு பழைய விண்ணப்பங்களுக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு 9-தெர் பிரிவுக்குள் பதில் இல்லை. பதில் அதை மாற்றிய 130ஆம் எண் ஆணையிலேயே, 4ஆம் பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. ஆணையைச் சட்டமாக்கிய சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து தரப்பட்ட விண்ணப்பங்களுக்கு மட்டும் என்று. அதாவது 2020 டிசம்பர் 20 முதல். நண்பர் பிப்ரவரிக்காரர், தப்பித்தார். நவம்பரில் கொடுத்தவருக்கு இந்தச் சலுகை இல்லை. ஆக, ஒரு பிரிவு மாறியிருந்தால் மாற்றிய சட்டத்தையும் திறந்து, மாற்றம் எந்த நாளிலிருந்து யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் கட்டணம் வாங்கும் ஆலோசகர்கள்கூட வழுக்கும் இடம் இது.

சிவில் சட்டத் தொகுப்பைத் திறப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 262/1942 என்று தட்டித் திறந்தால் முதலில் வருவது அந்த அரச ஆணையின் சொந்தப் பிரிவுகள், ஒரு கைப்பிடி. 2969 பிரிவுள்ள தொகுப்பு அதனுடன் இணைப்பாக, கீழே தனியாக இருக்கும். ஆணையின் முதல் பிரிவையும் தொகுப்பின் முதல் பிரிவையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, முகப்பில் உள்ள 'கோதிச்சி' (சட்டத் தொகுப்புகள்) என்ற இணைப்பு வழியே போவது எளிது.

மூன்றாம் படி: அரசிதழ்

'கட்ஸெத்தா உஃபிச்சாலே' என்பது இத்தாலியின் அரசிதழ். சட்டம் அதில் வெளியானால்தான் உயிர் வரும். வேறு நாள் குறிப்பிடாவிட்டால் வெளியான 15ஆம் நாளில் நடைமுறைக்கு வரும். அவசர ஆணைகள் வழக்கமாக மறுநாளே. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் சட்டப்படி அசல் என்பது அச்சிட்ட தாள்தான், இதைத் தளமே சொல்லிவிடும்.

நொர்மத்தீவா இருக்கும்போது இது எதற்கு? அவசர ஆணைக்காகத்தான். 2025 மார்ச் 28 அன்று குடியுரிமை பற்றி 36ஆம் எண் அவசர ஆணை வந்தது. வெளிநாட்டில் பிறந்தவர்கள் வம்சாவளி வழியில் குடியுரிமை கேட்பதை இறுக்கியது அது. நாடாளுமன்றம் அதை அப்படியே ஏற்கவில்லை. திருத்தங்களோடு மே 23 அன்று 74/2025 என்று சட்டமாக்கியது. ஆக, ஏப்ரலில் ஒரு விதி, ஜூனில் கொஞ்சம் வேறு விதி. இப்படிச் சட்டமாகும்போதெல்லாம் ஆணையையும் திருத்தத்தையும் ஒன்றாகத் தைத்த ஒரு பாடத்தை அரசிதழ் வெளியிடும். அதற்கு 'தெஸ்த்தோ கோஓர்தினாத்தோ' என்று பெயர். தனித்தனியாக இரண்டு சட்டத்தை வைத்துக்கொண்டு ஒப்பிட்டு மண்டை காய்வதைவிட அதைத் தேடிப் படியுங்கள்.

அரசிதழுக்குள் பல வரிசைகள் உண்டு. பொது வரிசையில்தான் சட்டங்கள். அரசு வேலைத் தேர்வு அறிவிப்புகள் நான்காம் சிறப்பு வரிசையில், செவ்வாயும் வெள்ளியும் வரும். வேலை தேடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் சட்டத்தைவிட இதுதான் பயன்படும்.

நாடாளுமன்றத் தளங்கள்: யாரும் தொடாத புதையல்

கீழவை, மேலவை இரண்டின் தளங்களும் வறண்டவை என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். நான் ஒரு புதிய சட்டத்தைப் புரிந்துகொள்ளப் போகும் முதல் இடமே இதுதான். விவாதத்துக்கு வரும் முக்கிய மசோதாக்களுக்கு இந்த அவைகளின் ஆய்வுப் பிரிவு 'தொஸ்ஸியெர்' என்று ஒரு விளக்கக் கோப்பு தயாரிக்கும். பழைய விதி என்ன, புதியது எதை மாற்றுகிறது, அரசியலமைப்பு நீதிமன்றம் இதுபற்றி முன்பு என்ன சொன்னது என்று பத்தி பத்தியாக விளக்கும். உறுப்பினர்கள் படித்துவிட்டு வாக்களிப்பதற்காக எழுதப்படுவதால் கட்சிச் சாயம் குறைவு. சட்டத்தின் மொழியைவிட இதன் இத்தாலியம் ஏறக்குறைய மனிதர் பேசுவது.

மசோதா எண்ணில் ஒரு சிறு பொறி: கீழவையில் ஓர் எண், மேலவைக்குப் போனதும் வேறு எண். செய்தித்தாளில் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு மற்ற அவையின் தளத்தில் தேடினால் வேறேதோ மசோதா வந்து நிற்கும்.

நீதிமன்றத் தீர்ப்புகள்

இந்தியாவிலோ இலங்கையிலோ சட்டம் படித்தவர்களுக்கு முதலில் ஒரு மனமாற்றம் தேவை. அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னால் கீழ் நீதிமன்றம் கட்டுப்பட்டே ஆக வேண்டும். இத்தாலியில் முறைப்படி அப்படி இல்லை. நீதிபதி சட்டத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டவர் என்று அரசியலமைப்பு சொல்கிறது. ஆனாலும் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமான கஸ்ஸாட்ஸியோனேயின் கருத்தை, அதிலும் எல்லாப் பிரிவுகளும் ஒன்றாக அமர்ந்து சொன்னதை, எந்த வழக்கறிஞரும் அலட்சியப்படுத்த மாட்டார்.

அரசியலமைப்பு நீதிமன்றத் தளம் மிக ஒழுங்கு. 1956இல் வந்த முதல் தீர்ப்பிலிருந்து எல்லாம் உண்டு. எண்ணும் ஆண்டும் தெரிந்தால் ஒரு நொடி. இது ஏன் முக்கியம் என்றால், சட்டப் பிரிவின் சொற்கள் மாறாமலேயே அதன் பொருள் இங்கே மாறிவிடும். தற்கொலைக்கு உதவுவதைக் குற்றமாக்கும் குற்றவியல் தொகுப்பின் 580ஆம் பிரிவை எடுங்கள். பாடம் 1930இல் எழுதியதுதான். ஆனால் 242/2019 தீர்ப்புக்குப் பிறகு, குறிப்பிட்ட கடுமையான நிபந்தனைகள் நிறைவேறினால் அந்த உதவி தண்டனைக்குரியது இல்லை. பிரிவை மட்டும் படித்துவிட்டு அதன் கீழிருக்கும் குறிப்பைப் படிக்காதவர் பாதிச் சட்டத்தைத்தான் படித்திருக்கிறார்.

கஸ்ஸாட்ஸியோனேக்கு 'செந்தென்ட்ஸே வெப்' என்ற இலவசத் தேடுதளம் இருக்கிறது. கடந்த ஐந்தாண்டுத் தீர்ப்புகள், சிவிலும் குற்றவியலும் தனித்தனியாக. சொல்லைத் தட்டினால் ஆயிரக்கணக்கில் கொட்டும். பிரிவு எண்ணோடு சேர்த்துத் தேடுங்கள். மாவட்ட, மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் சிவில் தீர்ப்புகளுக்கு நீதி அமைச்சகத்தின் தனித் தளம் இருக்கிறது. அதற்குள் போக 'ஸ்பிட்' என்ற மின்னணு அடையாளக் கணக்கோ மின்னணு அடையாள அட்டையோ வேண்டும்.

அரசு அலுவலகத்தோடு சண்டை என்றால் நிர்வாக நீதிமன்றங்கள்: கீழே 'தார்', மேலே 'கொன்ஸில்யோ தி ஸ்தாத்தோ'. இரண்டுக்கும் ஒரே தளம், இலவசம். வசிப்பு அடிப்படையில் குடியுரிமை மறுக்கப்பட்டவர்கள் பலெர்மோவில் இருந்தாலும் மிலானில் இருந்தாலும் வழக்கு ரோமில் உள்ள லாட்ஸியோ தாருக்குத்தான் போகும். ஆக, அந்த நீதிமன்றத்தை மட்டும் வடிகட்டித் தேடினால் எந்தக் காரணத்துக்காக மறுக்கிறார்கள், எது நீதிமன்றத்தில் நிற்கிறது என்பது அரை நாளில் பிடிபட்டுவிடும். திருமணம் வழியே வரும் குடியுரிமை என்றால் கதை வேறு, அது சாதாரண சிவில் நீதிமன்றம். இங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

தீர்ப்பை எப்படிப் படிப்பது? மேலிருந்து தொடங்காதீர்கள், தூங்கிவிடுவீர்கள். கடைசிப் பக்கத்துக்குப் போய் பி, க்யூ, எம் என்ற மூன்று பெரிய எழுத்தைத் தேடுங்கள். 'இக்காரணங்களால்' என்று பொருள். அதற்குக் கீழேதான் முடிவு: யார் வென்றார், யார் செலவு கட்ட வேண்டும். முடிவு தெரிந்த பிறகு சட்ட விவாதப் பகுதிக்குத் திரும்புங்கள். சம்பவப் பகுதியைத் தேவைப்பட்டால் படிக்கலாம்.

சுற்றறிக்கை சட்டம் அல்ல

அமைச்சகங்கள், வரித் துறை, ஓய்வூதிய நிறுவனமான 'இன்ப்ஸ்' எல்லாமே சுற்றறிக்கைகளைத் தங்கள் தளங்களில் போடுகின்றன. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் படிப்பது சட்டத்தை இல்லை, இதைத்தான். அதனால் நடைமுறையில் என்ன நடக்கும் என்று தெரிய இது அவசியம். ஆனால் சுற்றறிக்கையும் சட்டமும் முட்டிக்கொண்டால் நீதிமன்றத்தில் நிற்பது சட்டம்தான். சுற்றறிக்கையின் தேதியையும் பாருங்கள், அது விளக்கும் சட்டமே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

இருபது மாநிலங்களுக்கும் தனித்தனி அரசிதழும் சட்டத் தளமும் உண்டு. மருத்துவம், வீட்டுவசதி, தொழிற்பயிற்சி போன்றவற்றில் மாநிலச் சட்டம் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். ஐரோப்பிய சட்டத்துக்கு யூர்-லெக்ஸ். அங்கே ஒரே சட்டத்தை இரண்டு மொழியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். இத்தாலியச் சட்டச் சொற்களைக் கற்றுக்கொள்ள அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

மொழிபெயர்ப்புக் கருவியும் அதன் குறும்பும்

இத்தாலியம் தெரியாமலும் தொடங்கலாம். ஆனால் கருவி சொல்வதை அப்படியே நம்பினால், 'செந்தென்ட்ஸா' என்ற தீர்ப்பு 'வாக்கியம்' ஆகும். 'கொம்மா' காற்புள்ளி ஆகும். 'கோதிச்சே' என்ற சட்டத் தொகுப்பு 'குறியீடு' ஆகும். 'ப்ரெஸ்க்ரிட்ஸியோனே' என்றால் காலாவதிக் கெடு, அதை மருந்துச் சீட்டு என்று மாற்றி வைத்திருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். 'தெர்மினே' என்பது சொல் இல்லை, கடைசி நாள். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள், பாதிக் குழப்பம் போகும்.

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. வடக்கே பொல்சானோ மாகாணத்தில் ஜெர்மனும் ஆட்சி மொழி. அந்த மாகாணத்தின் சட்டத் தளத்தில் மாகாணச் சட்டங்கள் இரு மொழியிலும் கிடைக்கும்.

விளக்கத்துக்கு 'ப்ரொகார்தி' என்ற தனியார் தளம் நல்லது. சட்டத் தொகுப்புகளின் ஒவ்வொரு பிரிவுக்கும் எளிய விளக்கம் கொடுக்கிறது. ஆனால் அங்கே புரிந்துகொண்டு, பாடத்தை நொர்மத்தீவாவில் சரிபார்ப்பதுதான் ஒழுங்கு. வழக்கறிஞர்கள் பயன்படுத்தும் கட்டணத் தளங்களின் சந்தா எட்டாத விலை. பல்கலைக்கழக நூலகங்கள் சிலவற்றில் உட்கார்ந்து பார்க்கலாம், மாணவர்கள் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, குறிப்பு எடுக்கும் முறை

கண்டதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் நம்மிடம் அதிகம். படத்தில் தேதி இருக்காது. இரண்டு வருஷம் கழித்து அந்தப் படம் யாரோ ஒருவருக்குப் 'புதிய சட்டம்' என்று போய்ச் சேரும். நொர்மத்தீவா ஒவ்வொரு பிரிவுக்கும் நிலையான இணைப்பு தருகிறது. அதில் சட்டத்தின் வகை, தேதி, எண், பிரிவு எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசியில் ஓர் ஆச்சரியக்குறியும், வி-ஐ-ஜி என்ற மூன்று எழுத்தும், எந்த நாளின் பாடம் என்ற தேதியும் வரும்படி சேமித்தால், யார் எப்போது திறந்தாலும் நீங்கள் பார்த்த அதே வரிகள்தான் திறக்கும்.

நண்பருக்கும் அப்படி ஓர் இணைப்பைத்தான் கொடுத்தேன், 2021 பிப்ரவரித் தேதியோடு. அவர் அதை அச்செடுத்து, 130ஆம் எண் ஆணையின் 4ஆம் பிரிவையும் பின்னால் சேர்த்துக் குத்தி, வழக்கறிஞரிடம் கொண்டுபோனார்.